மூடிய டேங்குக்குள் பிஏ செட் (முதுகில் காற்றுச் சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்கும் உள்ள மூச்சுக் கருவி) போட்டு இறங்கினால் 45 நிமிடம் பயமில்லாமல் வேலை செய்யலாமா?

இல்லை. நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், கொழும்புத் துறைமுகப் பக்கம் கப்பல் திருத்தும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர் போலத் தெரிகிறது. 'இது முக்கால் மணித்தியால செட்' என்று யாரோ சொல்லி முதுகில் மாட்டிவிட்டிருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் மாட்டிவிட்டார்கள்.

அந்த 45 வெறும் வகுத்தல் கணக்கு. 6 லீற்றர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் ஏறக்குறைய 1800 லீற்றர் காற்று. நிமிடத்துக்கு 40 லீற்றர் போகும் என்று வைத்தால் 45 வரும். ஏணியில் இறங்கி, ஓட்டைக்குள் தவழ்ந்து, மயங்கிக் கிடக்கிற ஆளை இழுக்கிறவன் 40 லீற்றரிலா மூச்சு விடுவான்? அழுத்தம் 50, 55 பாருக்கு இறங்கியதும் செட்டில் உள்ள விசில் அடிக்கும். 'இனிக் கிளம்பு' என்பதற்கல்ல அந்த விசில். அது அடிக்கும்போது நீங்கள் வெளியே நிற்கவேண்டும்.

இனி என் கதை. அந்த வருடம் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தேன். தாடி நன்றாக வளர்ந்திருந்தது. நான் மீட்புக் குழுவில் இருந்தேன். எங்கள் சூப்பர்வைசர், வயதான சிங்கள மனிதர், என்னைக் கூப்பிட்டு, "மல்லி (தம்பி), தாடியோடு மாஸ்க் போடமுடியாது. எடுத்துவிட்டு வா, இல்லையென்றால் குழுவிலிருந்து விலகு" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. தமிழன், அதிலும் மாலை போட்டவன் என்பதால்தான் சொல்கிறார் என்று நினைத்துக் கத்திவிட்டேன். மனிதர் திருப்பிக் கத்தவில்லை. "நாளைக்குப் பயிற்சிதானே, அந்த டேங்கில் காற்று சரியாக இருக்கிறது, நீயே இறங்கிப் பார்" என்றார்.

மறுநாள் பலாஸ்ட் டேங்க், கப்பல் சரியாமல் நிற்க நீர் நிரப்பும் தொட்டி. முதல் நாளிலிருந்தே புளோவர் ஓடியது, வாயு அளக்கும் மீற்றரில் ஒட்சிசன் 20.9 வீதம், வெளிக்காற்றில் உள்ள அளவு. நானும் இன்னொருவரும் 280 பாரோடு இறங்கினோம், பொம்மை ஆளைத் தூக்கிவர. மாஸ்க் ஓரத்தில் 'உஸ்' என்று ஒரு சத்தம் விடாமல் கேட்டது. மாஸ்க்குக்குள் அழுத்தம் எப்போதும் வெளியைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். றப்பர் விளிம்பு தோலில் ஒட்டாவிட்டால் நம் காற்றுதான் வெளியே ஓடும். 16ஆவது நிமிடம் என் விசில் அடித்தது. பொம்மை இன்னும் ஏணியடிக்குக்கூட வரவில்லை. சவரம் செய்த முகத்தோடு வந்தவரின் கேஜில் 120 இருந்தது. மேலே வந்தபோது சூப்பர்வைசர் ஒன்றும் சொல்லவில்லை, பலகையில் நேரத்தை மட்டும் எழுதினார். அதுதான் சுட்டது.

தாடியை எடுக்கவில்லை. மலைக்குப் போய்வரும்வரை மேன்ஹோல் வாயில் நின்று, உள்ளே போனவரின் பெயர், நேரம், பார் மூன்றையும் எழுதினேன். சாமியைக் குறை சொல்கிறான் என்று யாராவது கீழே எழுத வருமுன் சொல்லிவிடுகிறேன்: விரதமும் சரி, சூப்பர்வைசரும் சரி. இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொள்ளப் பார்த்த நான்தான் பிழை.

இன்னொன்று. தினசரி வேலைக்கு பிஏ செட்டை நம்பி இறங்கவே கூடாது. முதலில் காற்றோட்டம், பிறகு மீற்றரைக் கயிற்றில் இறக்கி மேல், நடு, அடி மூன்றிலும் அளவு, பிறகுதான் பெர்மிட். துருப்பிடிக்கும் இரும்பே ஒட்சிசனைத் தின்றுவிடும். மணமும் இராது, நிறமும் இராது. ஃபில்டர் மாஸ்க் அங்கே உதவாது, அது காற்றை வடிகட்டுமே தவிர ஒட்சிசனை உண்டாக்காது. நச்சு வாயுவின் அழுகிய முட்டை மணம் அடித்துப் பிறகு நின்றுவிட்டதா? வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், செத்தது மூக்கு.

யாராவது உள்ளே விழுந்தால் வெறும் முகத்தோடு பின்னால் குதிக்கவும் வேண்டாம். 2018 ஏப்ரலில் ஹொரணையில் ஒரு றப்பர் தொழிற்சாலைத் தொட்டிக்குள் ஒரு தொழிலாளி விழ, காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து ஐந்து பேர் இறந்துபோனார்கள்.

நான் பொறியியலாளர் இல்லை. உங்கள் செட்டின் அளவு வேறாக இருந்தால் கணக்கும் மாறும், திருத்துகிறவர்கள் திருத்துங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் வயிற்றெரிச்சல். நான் வேலை செய்த இடத்தில் டேங்க் வாசலில் மூன்று மொழியில் பலகை மாட்டியிருந்தார்கள். சிங்களமும் ஆங்கிலமும் சுத்தம். தமிழில் மட்டும் 'அபாயம்' என்பதற்குப் பதில் 'உபாயம்'. நாலு முறை எழுதிக் கொடுத்தேன். "யாருக்குத் தெரியப்போகிறது" என்றார் அலுவலகத்தில் ஒருவர். அந்த டேங்குகளுக்குள் இறங்குகிறவர்களில் பாதிப்பேர் தமிழ்ப் பொடியன்கள். போன மாதம் பழைய நண்பர்களைப் பார்க்கப் போனேன். உபாயம் அப்படியே தொங்குகிறது, பெயின்ட் மட்டும் புதிது.