சைட்ல வேலை செய்றவங்க மனசு பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

12 வருஷம் சைட்ல சேஃப்டி பாத்தேன், அப்பறம் கவுன்சிலிங் படிச்சுட்டு இப்ப கட்டிட வேலை ஆளுங்களத்தான் அதிகமா பாக்கறேன். டாக்டர் இல்ல, மாத்திரை எழுதித் தர மாட்டேன். மத்தபடி எத வேணா கேளுங்க.

கேள்வி: நான் மேஸ்திரி. என் கேங்ல ஒரு கம்பி கட்டுற பையன், நல்ல வேலைக்காரன். ரெண்டு வாரமா சாப்பாட்டு நேரத்துல தனியா போய் உக்காந்துக்கறான். நேத்து ஸ்லாப் ஓரத்துல சேஃப்டி பெல்ட் மாட்டாம நின்னான். திட்டிட்டேன். திட்டினது சரியா?

எல்லாரும் அதத்தான் செய்வாங்க, விடுங்க. ஆனா எப்பவும் மாட்டறவன் திடீர்னு மாட்டாம நிக்கறான்னா அத நான் திமிர்னு எடுத்துக்க மாட்டேன். நம்மாளுங்களுக்கு வாய் சொல்றதுக்கு முன்னாடி கை சொல்லிடும்ணே. கட்டுக்கம்பி முடிச்சு தளதளன்னு இருக்கும், ஒரே அளவ ரெண்டு தடவ தப்பா வெட்டுவான், வச்ச கொறடு எங்கன்னு தேடிட்டே இருப்பான்.

ஆபீஸுக்கு மட்டும் கூப்பிடாதீங்க, வேலை போச்சுன்னு நெனச்சுக்குவான். பக்கத்துல உக்காந்து நீங்களும் நாலு முடிச்சு போட்டுக்கிட்டே, "ரெண்டு வாரமா தனியா உக்கார்ற, நேத்து பெல்ட் மாட்டல, எனக்கு உறுத்துதுடா"ன்னு கண்ணால பாத்தத மட்டும் சொல்லிட்டு வாய மூடிக்கங்க. அட்வைஸ் வேணாம். "ஒண்ணும் இல்ல மேஸ்திரி"ம்பான், அது முதல் பதில்தான். ரெண்டு நாள் விட்டு திரும்ப கேளுங்க. அதுவரைக்கும் ஓரத்துல விடாம கீழ கம்பி வளைக்கப் போடுங்க, ஆனா கூலில கை வைக்காதீங்க. வச்சீங்கன்னா அடுத்தவன் ஜென்மத்துக்கும் வாய தொறக்க மாட்டான்.

கேள்வி: சாகணும்னு தோணுதான்னு நேரா கேட்டா நாமளே அந்த நெனப்ப கெளப்பி விட்ட மாதிரி ஆயிடாதா?

ஆகாது. உலக சுகாதார நிறுவனமே இத கட்டுக்கதைன்னு சொல்லுது. "தப்பான முடிவு எதுவும் எடுத்துடாத"ன்னு சுத்தி வளைச்சு சொன்னா தோணுதுன்னு சொல்றதே தப்புன்னு ஆயிடும், அவன் அதோட மூடிக்குவான். "சாகணும்னு தோணுதா?"ன்னே கேளுங்க. ஆமான்னா எப்படி, எப்பன்னு யோசிச்சு வச்சிருக்கானான்னும் கேளுங்க. வச்சிருந்தா ஒரு நிமிஷம் தனியா விடக்கூடாது, ஒயரத்துலேந்து எறக்கி கூடவே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகணும்.

இந்த தொழில்ல இது சின்ன விஷயம் இல்ல. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா மூணுலயும் சைட் விபத்துல போறவங்கள விட தற்கொலைல போற கட்டிட வேலையாளுங்கதான் அதிகம். ஆஸ்திரேலியால 2008ல மேட்ஸ்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, கூட வேலை செய்றவங்களுக்கே ட்ரெய்னிங் குடுத்து ஹெல்மெட்ல ஸ்டிக்கர் ஒட்டிடுவாங்க, அந்த ஸ்டிக்கர் இருந்தா அவர்கிட்ட போய் பேசலாம்னு அர்த்தம். இப்படி ஒண்ணு எல்லா சைட்லயும் வேணும்ங்கறது என் ஆசை.

கேள்வி: வீட்டுக்காரர் சென்ட்ரிங் வேலை. குடிச்சாத்தான் தூக்கம் வருதுன்னு தினமும் நெறைய குடிக்கறார். நாளைலேந்து ஒரேயடியா நிறுத்தச் சொல்லவா?

வேணாங்க்கா! தினமும் நெறைய குடிக்கற ஒடம்பு சட்டுனு விட்டா 6லேந்து 24 மணி நேரத்துல கை நடுக்கம், வேர்வை வரும், ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டு மூணு நாள்ல ஆள் அடையாளம் தெரியாம இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கலாம், உசுருக்கே ஆபத்து. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் மாத்திரையோட நிறுத்தணும், வைட்டமின் பி1 ஊசியும் போடுவாங்க. அந்த வாரம் சாரம் ஏறவே கூடாது. தூக்கம்ங்கறது பாதிதான் உண்மை, படுத்ததும் அசத்தும், நடுராத்திரில எழுப்பி விட்டுரும்.

கேள்வி: கூட வேலை செஞ்சவன் என் கண்ணு முன்னாடி விழுந்து செத்துட்டான். 10 நாளாச்சு. கண்ண மூடினா அந்த சத்தம். ஏணில கால் வச்சா நடுங்குது. எனக்கு பைத்தியம் புடிக்குதா?

இல்ல தம்பி. 10 நாள்ல இப்படி இருக்கறது இயல்பு, நெறைய பேருக்கு சில வாரத்துல தானா அடங்கும். ஒரு மாசம் தாண்டியும் அப்படியே இருந்தா அது பிடிஎஸ்டியா இருக்கலாம், அதாவது அதிர்ச்சி மனசுலயே தங்கிடற நோய். அதுக்கு சிபிடி (பேசிப் பேசி நெனப்பையும் பழக்கத்தையும் மாத்தறது), இஎம்டிஆர் (கண்ண அசைக்க வச்சு அந்த ஞாபகத்த ஆத்தறது)னு நல்ல சிகிச்சை இருக்கு. அன்னைக்கு நடந்தத எல்லாரையும் வட்டமா உக்கார வச்சு ஒருத்தர் விடாம சொல்ல வைக்கறாங்கன்னா நீ பேசணும்னு கட்டாயம் இல்ல, எழுந்து வந்துரு, அதுனால நன்மை இல்லைன்னு எப்பவோ கண்டுபிடிச்சாச்சு. மொதல்ல தரையில வேலை கேளு, அப்பறம் சாரத்துல ஒரு அடுக்கு ஒயரம், பக்கத்துல ஆளோட.

எனக்கும் ஒருதடவ ஆச்சு. ஆள கொண்டுபோனப்பறமும் அவர் செருப்பு ஒண்ணு ரெண்டாவது பலகைலயே கெடந்துச்சு, யாரும் எடுக்கல. மூணு மாசம் அந்தப் பக்கம் பாக்காமதான் நடந்தேன்.

கேள்வி: பைபோலாருக்கு (மனசு ரொம்ப ஏறி எறங்கற வியாதி) லித்தியம் மாத்திரை சாப்பிடறேன், சைட்ல யாருக்கும் தெரியாது. வெயில் வேலை செய்யலாமா?

டாக்டர்கிட்ட "ஒயரத்துல, வெயில்ல வேலை"ன்னு வாய்விட்டு சொல்லுங்க, முக்கால்வாசி பேர் சொல்றதே இல்ல. வேர்த்து ஒடம்புல தண்ணி கொறஞ்சா ரத்தத்துல லித்தியம் ஏறும். முதுகு வலிக்குதுன்னு யாரோ நீட்டற டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போட்டாலும் ஏறும், சைட்ல இதுதான் பெரிய வில்லன். நடுக்கம் கூடினா, வாந்தி பேதின்னா, நடை தள்ளாடினா, பேச்சு கொழறினா அன்னைக்கே ஆஸ்பத்திரி. நீங்களா மாத்திரைய நிறுத்தக்கூடாது. வியாதி பேர ஊருக்கே சொல்ல வேணாம், நம்பற ஒருத்தர்கிட்ட "நான் தள்ளாடினா கூட்டிட்டுப் போ"ன்னு சொல்லி வச்சா போதும்.

கேள்வி: நான் சைட் இன்ஜினியர். ஆளுங்களுக்கு ஒருநாள் மூச்சுப் பயிற்சி கிளாஸ் வைக்கலாம்னு இருக்கோம்.

வைங்க சார். ஆனா கூலிய மூணு வாரம் இழுத்தடிச்சுட்டு மூச்ச இழுக்கச் சொன்னா நல்லா இழுத்து உங்களத்தான் திட்டுவான். சொன்ன தேதில கூலி, பொம்பளைங்களுக்கு தாழ்ப்பாள் உள்ள கக்கூஸ், ராத்திரி காங்கிரீட் போட்டவனுக்கு மறுநாள் காலைல லீவு. இதுக்கப்பறம் கிளாஸ். உலக சுகாதார நிறுவனம் 2022ல குடுத்த வழிகாட்டுதல்லயும் மேல இருக்கறவங்களுக்கும் பயிற்சி குடுக்கச் சொல்றாங்க, அதனால முதல் வரிசைல நீங்க உக்காருங்க.

கேள்வி: திரும்ப மேஸ்திரிதான். காலைல நீங்க சொன்னபடியே கேட்டேன். "ஒண்ணும் இல்ல"ன்னுட்டான்.

முடிச்சு போட்டுக்கிட்டேவா கேட்டீங்க? சரி. வியாழக்கிழமை திரும்ப கேளுங்க.