திகால்: காட்டுக்குள் ஓர் இரவு, ஊரில் இரண்டு

கேள்வி: டிசம்பர் நடுவில் குவாத்தமாலாவில் உள்ள பழைய மாயா நாகரிக நகரமான திகாலைப் பார்க்கப் போகிறோம். நானும் கணவரும், 66 வயது மாமியாரும். கையில் மூன்று இரவுகள். ஃப்ளோரெஸில் தங்குவதா, காட்டுக்குள்ளேயா? சூரிய உதயத்துக்குத் தனி டிக்கெட் வாங்கலாமா? மூவரும் சைவம்.

பதில்: முதல் இரவும் மூன்றாம் இரவும் ஏரித்தீவு ஊரான ஃப்ளோரெஸில், நடு இரவு மட்டும் திகால் பூங்காவுக்குள். மாமியார் உடன் வருவதால்தான் இப்படிச் சொல்கிறேன். ஃப்ளோரெஸிலிருந்து திகால் ஏறக்குறைய 65 கி.மீ.; வேனில் ஒன்றரை மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் இருட்டோடு எழுந்து, உச்சி வெயிலில் அலைந்து, களைத்துப்போய் வேன் ஏறுகிறார்கள். உள்ளே தங்கினால் நடையை மாலையில் பாதி, மறுநாள் காலையில் பாதி என்று பிரித்துக்கொள்ளலாம். பூங்காவுக்குள் இருப்பவை ஒருசில விடுதிகளே; கிறிஸ்துமஸ் நெருங்கும்போது சீக்கிரம் நிரம்பிவிடும். இரவு முழுக்க மின்சாரம் இருக்குமா என்று கேட்டுக்கொண்டே பணம் கட்டுங்கள்.

சூரிய உதய டிக்கெட் வேண்டாம். காலை 6 மணிக்கு முன் நுழையக் கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். அதைக் கட்டி, இருட்டில் நடந்து, 65 மீட்டர் உயரமுள்ள நான்காம் கோயிலின் உச்சியில் போய் உட்கார்ந்தால், பல நாட்களில் கிடைப்பது வெள்ளைப் பனிமூட்டம் மட்டுமே. அழகு அதற்குப் பிறகுதான். பனி மெல்ல இறங்க, மரக்கூட்டத்துக்கு மேலே கோயில்களின் முகடுகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். ஹவுலர் குரங்குகளின் உறுமலைக் கேட்டு, புலிதான் பக்கத்தில் நிற்கிறதோ என்று புதிதாக வருகிறவர்கள் மிரள்வார்கள். இதெல்லாம் 6 மணிக்கு வழக்கமான டிக்கெட்டில் நுழைகிறவர்களுக்கும் கிடைக்கும்.

நான்காம் கோயிலின் மரப்படிகள் நீளமானவை. மாமியாருக்கு முழங்கால் வலி இருந்தால் அவற்றை விட்டுவிடுங்கள். பெரிய சதுக்கத்தில் உள்ள இரண்டாம் கோயிலின் படிகள் அவ்வளவு கடினமில்லை. மேலே போனால் முதலாம் கோயில் நேர் எதிரே நிற்கும். 47 மீட்டர் உயரம். ஏற அனுமதி இல்லை. 682 முதல் 734 வரை ஆண்ட ஹசாவ் சான் கவீல் என்ற மன்னனின் கல்லறை அதன் அடியில் இருந்தது. 1962இல் தோண்டி எடுத்தார்கள். இந்த ஒரு காட்சிக்காகவே மாமியாரை இரண்டாம் கோயிலில் கைத்தாங்கலாக ஏற்றிவிடலாம். மழை விட்டுவிட்டுப் பெய்யும் மாதம் என்பதால் சுண்ணாம்புக் கற்களில் பாசி வழுக்கும். பிடிப்புள்ள ஷூ, ஒரு கைத்தடி, விடியலுக்கு மெல்லிய ஸ்வெட்டர், கொசு விரட்டி எடுத்துச் செல்லுங்கள்.

தண்ணீரும் தாராளமாக வேண்டும். திகாலில் ஆறு கிடையாது. சதுக்கங்களின் தளத்தையே சரிவாக அமைத்து, மழைநீரைக் குளங்களுக்குத் திருப்பித்தான் இவ்வளவு பெரிய நகரம் பிழைத்தது. என்னைக் கேட்டால் கோயில்களைவிட அந்தப் பள்ளங்களைத்தான் முதலில் காட்டச் சொல்வேன். வழிகாட்டிகள் பலர் கேட்டால் ஒழியக் காட்டுவதில்லை.

சாப்பாட்டில் சோளரொட்டி, கறுப்பு பீன்ஸ், வாழைப்பழ வறுவல், சீஸ் எங்கும் கிடைக்கும். இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வந்து சேரலாம். கோழியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் உண்டு என்பதால் அதையும் கேளுங்கள். அந்நாட்டுப் பணமான கெட்சால் நோட்டுகளை ஃப்ளோரெஸிலோ, பாலம் தாண்டி சாந்தா எலெனாவிலோ எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் ஏடிஎம்மை நம்ப வேண்டாம்.

தலைநகரிலிருந்து சாந்தா எலெனாவுக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். பஸ்ஸில் இரவு முழுக்கப் பயணம். மாமியாரோடு அது வேண்டாம். அந்த நாட்டில் சாலை மறியல் புதிதல்ல. 2023 அக்டோபரில் வாரக்கணக்கில் நீடித்தது. ஊர் திரும்பும் சர்வதேச விமானத்துக்கு முந்தைய நாளே தலைநகருக்கு வந்துவிடுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் டெல்லியில் உள்ள குவாத்தமாலா தூதரகத்தில் விசா விதியை விசாரித்த பிறகே மற்ற டிக்கெட்டுகளைப் போடுங்கள்.