டிசம்பர் கடைசியில் குழந்தைகளோடு ஐரோப்பாவில் கார் ஓட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் சந்தை பார்க்கலாமா?

கேள்வி இது: "டிசம்பர் 25-ம் தேதி மியூனிக் இறங்குகிறோம். 5 வயது, 9 வயது என்று இரண்டு குழந்தைகள். வாடகைக் காரில் சால்ஸ்பர்க், இன்ஸ்ப்ருக், சூரிக், ஸ்ட்ராஸ்பர்க் என்று கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பார்த்துவிட்டு ஜனவரி 3 திரும்புகிறோம். பனியில் கார் ஓட்டுவது ஆபத்தா?"

பனியை அப்புறம் பார்க்கலாம், முதலில் காலண்டரை எடுங்கள். நீங்கள் இறங்கும்போது மியூனிக்கில் சந்தைக் குடில்களைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். நகர மையத்து மரியன்பிளாட்ஸ் சதுக்கத்துச் சந்தை 24-ம் தேதி மதியம் 2 மணியோடு சரி. நியூரம்பெர்க்கும் அப்படித்தான். கொலோன் பேராலயச் சந்தையில் 23-ம் தேதியே கதவடைப்பு. ஸ்ட்ராஸ்பர்க் சந்தை 1570-லிருந்து நடக்கிறது என்று எழுதாத ஆள் இல்லை. அது வழக்கமாக 24-ம் தேதி முடிந்துவிடும் என்று எழுதத்தான் யாருமில்லை.

தேதியை முன்னால் நகர்த்துங்கள் என்றால் அரையாண்டு விடுமுறையே அப்போதுதானே என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் ஊர்களைக் குறையுங்கள். சால்ஸ்பர்க் பேராலயச் சதுக்கத்துச் சந்தை ஜனவரி 1 வரை இருக்கும். இன்ஸ்ப்ருக்கில் ஓரிரு சந்தைகள் ஜனவரி 6 வரை ஓடுவது வழக்கம். மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் 145 கி.மீ., அங்கிருந்து இன்ஸ்ப்ருக் 185, இன்ஸ்ப்ருக்கிலிருந்து மியூனிக் 160 சொச்சம். இந்த முக்கோணம் பத்து நாளுக்குத் தாராளம். சூரிக்கையும் ஸ்ட்ராஸ்பர்க்கையும் விட்டால் சுவிஸ் விக்னெட்டுக்கான, அதாவது நெடுஞ்சாலைக் கட்டண வில்லைக்கான 40 ஃபிராங்க் மிச்சம், சூரிக் வழியிலுள்ள ஆர்ல்பெர்க் சுரங்கத்தின் தனி டோலும் மிச்சம். அதைவிட முக்கியம், குழந்தைகள் பின்சீட்டில் வாந்தி எடுக்கும் இரண்டு நாள் மிச்சம்.

"ரயில் இருக்கும்போது கார் எதற்கு?" என்று கீழே கமெண்டில் ஒருவர் சண்டைக்கு வருவார். வரட்டும். மியூனிக், சால்ஸ்பர்க் மட்டும் என்றால் நானும் ரயிலைத்தான் சொல்வேன். பவேரியா மாநிலத்தின் ஒருநாள் சீட்டான பேயர்ன் டிக்கெட் ஒன்றில் ஐந்து பேர் வரை பிராந்திய ரயிலில் சால்ஸ்பர்க் வரை போகலாம். வேலை நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். நடுவில் மலைக் கிராமத்தில் தங்க வேண்டும், பனிச்சறுக்கு வண்டியில் குழந்தைகளை விட வேண்டும் என்று இருந்தால் மட்டும் கார்.

இனி கார். 25, 26 தேதிகளில் ஊருக்குள் இருக்கும் வாடகை அலுவலகங்களை நம்பாதீர்கள், விமான நிலையக் கவுன்டரில் எடுங்கள். இந்திய உரிமத்தோடு, ஆர்டிஓவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் வேண்டும். அது ஒரு வருடம்தான் செல்லும், போன முறை வாங்கியது அலமாரியில் இருக்கிறது என்று எடுத்து வராதீர்கள். டெபாசிட் பிடிக்கும் கிரெடிட் கார்டு ஓட்டுநர் பெயரிலேயே இருக்க வேண்டும். ஆஸ்திரியாவுக்குள் போகிறோம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதவையுங்கள். எழுதாமல் எல்லை தாண்டி இடித்தால் காப்பீட்டை மறந்துவிடலாம்.

கையெழுத்துக்கு முன் நேராக டயரிடம் போய்க் குனியுங்கள். பக்கவாட்டில் மூன்று முகடு மலை, நடுவில் பனிச்செதில் நட்சத்திரம் என்று ஒரு முத்திரை இருக்கும். ஜெர்மனியில் 2024 அக்டோபர் 1 முதல் அந்த முத்திரை இருந்தால்தான் குளிர்கால டயர் என்று கணக்கு, வெறும் 'எம்+எஸ்' (சேறும் பனியும் என்பதன் சுருக்கம்) எழுத்து போதாது. சாலையில் பனியோ உறைபனியோ இருக்கும்போது இந்த டயர் இல்லாமல் ஓட்டினால் 60 யூரோ அபராதம். ஆஸ்திரியாவிலும் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனிச் சாலையில் குளிர்கால டயர் கட்டாயம், கூடவே டயர் பள்ளம் 4 மி.மீ. இருக்க வேண்டும். அளக்க ஒரு 2 யூரோ நாணயம் போதும். பள்ளத்தில் செங்குத்தாகச் செருகுங்கள். வெளிப்புற வெள்ளி வளையம் முழுக்க மறைந்தால் 4 மி.மீ. இருக்கிறது. வளையம் எட்டிப் பார்த்தால் வேறு கார் கேளுங்கள். கவுன்டரில் இருப்பவர் முகம் சுளிப்பார், கண்டுகொள்ளாதீர்கள்.

அங்கேயே கண்ணாடி கழுவும் தண்ணீரையும் ஒருமுறை பீய்ச்சிப் பாருங்கள். உறைபனி தாங்கும் திரவத்துக்குப் பதில் கோடைக்கால நீர் இருந்தால், நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி உப்புச் சேற்றை வாரி அடிக்கும்போது கண்ணாடி வெள்ளையாகிவிடும், பீய்ச்ச ஒன்றும் வராது. மைனஸ் 20 டிகிரி தாங்கும் திரவம் பெட்ரோல் பங்க்கிலேயே கிடைக்கும். ஐஸ் சுரண்டி ஒன்று காருக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மலைக் கிராமத்தில் தங்கினால் சக்கரச் சங்கிலியும் வேண்டும். டயரில் 205/55 ஆர்16 என்பது போல ஓர் அளவு எழுதியிருக்கும், சங்கிலிப் பெட்டியில் அதே அளவு இருக்க வேண்டும். முதல் முறை மாட்டிப் பழகும் இடம் காய்ந்த பார்க்கிங்காக இருக்கட்டும். இருட்டில், சரிவில், கையுறையோடு வேண்டாம். எஞ்சின் இழுக்கும் சக்கரங்களில்தான் மாட்ட வேண்டும். பெரும்பாலான வாடகைக் கார்களில் அது முன்சக்கரம், சில மாடல்களில் பின்சக்கரம், கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள். மாட்டிக் கொஞ்ச தூரம் உருட்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், முதல் சுற்றில் கட்டாயம் தளரும். வேகம் மணிக்கு 50-ஐத் தாண்டக் கூடாது. தார் தெரிய ஆரம்பித்ததும் கழற்றிவிடுங்கள்.

ஆஸ்திரிய நெடுஞ்சாலைக்கு விக்னெட் வேண்டும். 10 நாள் டிஜிட்டல் விக்னெட் 12, 13 யூரோதான், வாங்கியதும் செல்லும். இரண்டு மாத விக்னெட்டை ஆன்லைனில் வாங்கினால் 18-வது நாளிலிருந்துதான் செல்லும், அதைத் தவறுதலாக அழுத்திவிடாதீர்கள். நம்பர் பிளேட்டோடு பிணைந்தது என்பதால் கார் கைக்கு வந்த பிறகுதான் வாங்க முடியும். ஓ எழுத்தையும் பூஜ்யத்தையும் மாற்றி அடித்துவிட்டு அபராதம் கட்டுபவர்கள் உண்டு. ஜெர்மன் எல்லையிலிருந்து சால்ஸ்பர்க் நோர்ட் வெளியேறும் வழி வரையும், இன்ஸ்ப்ருக் பாதையில் கூஃப்ஸ்டைன் சூட் வெளியேறும் வழி வரையும் விக்னெட் தேவையில்லை. அதற்கு மேல் ஒரு மீட்டர் போனாலும் தேவை.

டிசம்பர் கடைசியில் எட்டு மணிக்குத்தான் விடியும், நாலரைக்குள் இருட்டிவிடும். ஓட்டத்தை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். சனிக்கிழமை மட்டும் சாலையில் இறங்கவே வேண்டாம். பனிச்சறுக்கு விடுதிகளில் வாரக் கணக்கில் தங்குபவர்கள் மாறும் நாள் அது, இன்ஸ்ப்ருக் இருக்கும் டிரோல் மாநிலமே நெடுஞ்சாலையில் நிற்கும். நெரிசலைத் தவிர்க்க மேப் உங்களைக் கிராமச் சாலையில் இறங்கச் சொல்லும். டிரோலில் குளிர்கால வார இறுதிகளில் பல வெளியேறும் வழிகளில் அதற்குத் தடை இருக்கும், போலீஸ் திருப்பி அனுப்பும். நெரிசலில் நின்றால் இடக்கோடி வரிசை இடப்பக்கமும் மற்றவை வலப்பக்கமும் ஒதுங்கி ஆம்புலன்சுக்கு நடுவில் வழி விட வேண்டும். சைரன் கேட்டபிறகு பார்க்கலாம் என்று இருந்தால் ஜெர்மனியில் 200 யூரோ. ஊருக்குள் பலகை எதுவும் இல்லாத நாற்சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முதல் உரிமை. நம் ஊர்க்காரர்கள் இடிபடுவது பெரும்பாலும் இங்கேதான்.

குழந்தைகள் விஷயம். ஜெர்மனியில் 12 வயதோ 150 செ.மீ. உயரமோ ஆகும்வரை குழந்தை சீட் கட்டாயம், உங்கள் 9 வயதுப் பிள்ளைக்கும் உயரம் கூட்டும் பூஸ்டர் வேண்டும். ஊரிலிருந்து சீட் கொண்டுவருவதானால் ஈசிஇ ஆர்44 அல்லது ஆர்129 என்ற பாதுகாப்புத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். தடித்த குளிர் கோட்டோடு பெல்ட் போடாதீர்கள். ஏன் என்று தெரிய வேண்டுமானால் கோட்டோடு இறுக்கிப் பூட்டுங்கள், பெல்ட்டின் நீளத்தை மாற்றாமல் கழற்றி, கோட்டை உருவிவிட்டு மறுபடி பூட்டுங்கள். பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் உங்கள் முஷ்டி போகும். மோதலில் அந்த இடைவெளிதான் குழந்தையைத் தூக்கி எறியும். கோட்டைக் கழற்றி, பெல்ட்டுக்கு மேல் போர்வையாகப் போடுங்கள். காலுக்கு இரண்டு சாக்ஸ் போட்டு இறுக்கமான ஷூவில் திணித்தால் இன்னும் குளிரும். ஒரு கம்பளி சாக்ஸ், ஒரு சைஸ் பெரிய ஷூ போதும்.

25, 26 இரண்டு நாளும் கடை கிடையாது. விமான நிலையத்திலோ பெரிய ரயில் நிலையத்திலோ இருக்கும் கடையில் பால், ரொட்டி, முட்டை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பருப்புப் பொடி, ஊறுகாய் ஊரிலிருந்து கொண்டுவரலாம். நெய், பனீர், கறி எதுவும் கூடாது, சுங்கத்தில் பறித்துவிடுவார்கள்.

சந்தையில் மது கலக்காத சூடான பானத்துக்கு 'கின்டர்புன்ஷ்' என்று கேளுங்கள். கோப்பைக்குத் தனியாக முன்பணம் பிடிப்பார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வரும். சைவத்துக்கு உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும், சுட்ட கஷ்கொட்டை (செஸ்ட்நட்), முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் சீஸ் ஸ்பெட்ஸ்லெ என்ற முட்டை நூடுல்ஸ். காளான் வதக்கலில் பன்றித் துண்டு போடுவதுண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்த நாள்களில் மலைப்பக்கம் கொம்பு முகமூடியும் மணியுமாக 'பெர்ஷ்டன்' ஊர்வலம் வரும். சின்னவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பின்வரிசையில் நில்லுங்கள்.

இதைச் சொல்லாமல் முடியவில்லை: தமிழில் பயண வீடியோ போடுபவர்கள் பனி விழும் காட்சியைப் பத்து நிமிடம் காட்டுகிறார்கள். எத்தனை மணிக்குக் கடை மூடும், கழிப்பறைக்குக் கதவில் 1 யூரோ போட வேண்டும், நாலு பேருக்குச் சில்லறை வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. கேட்டால் "நெகட்டிவா பேசாதீங்க ப்ரோ". அந்த 1 யூரோ நெடுஞ்சாலை ஓய்வகங்களில் பெரும்பாலும் கூப்பனாகத் திரும்பி வரும், அதைக் குப்பையில் போடாதீர்கள், காபி வாங்கலாம்.

டிசம்பர் 31 இரவு காரைத் தெருவில் விடாதீர்கள். ஜெர்மனியில் நள்ளிரவில் தெருவே பட்டாசுக் கடையாகிவிடும். கீறலோ தீக்காயமோ விழுந்தால் உங்கள் டெபாசிட்டில்தான் கை வைப்பார்கள். அன்றைக்கு மட்டும் கீழ்த்தளப் பார்க்கிங்குக்குக் காசு கொடுங்கள்.