மாஸ்டொடனில் அரசியல் சண்டை வந்தால் யார் தீர்ப்பது? ஈழத் தமிழர் அங்கே போவதில் பயன் உண்டா?

ஒரு கொம்பனியின் கையில் இல்லாத சமூக ஊடகத்தில் அரசியல் சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்பது ஒரு கேள்வி. பேஸ்புக்கில் பதிவுகளைப் பறிகொடுக்கிற நம்மவர்களுக்கு அங்கே நிம்மதி உண்டா என்பது இன்னொன்று. திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். பகலில் கணினி திருத்துகிற கடை. இரவில் சின்னத் தமிழ் மாஸ்டொடன் சேர்வர் ஒன்றின் மட்டுறுத்துநர்களில், அதாவது எந்தப் பதிவை வைப்பது, எதைத் தூக்குவது என்று பார்ப்பவர்களில், ஒருவன். சம்பளம் கிடையாது, ஏச்சு தாராளம்.

நிம்மதி கிடைக்காது. வேறு மாதிரித் தலையிடி கிடைக்கும். ஆனால் பேஸ்புக் தந்த தலையிடியைவிட இது மேல் என்பதுதான் என் கட்சி.

பேஸ்புக் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனையில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, அதற்குத் தூபம் போட்ட சிங்களப் பதிவுகளைச் சனம் முறையிட்டும் அவை அப்படியே கிடந்தன. கடைசியில் அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கியது. பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல். தமிழர் பக்கம் இதற்கு நேர்மாறு. இறந்த போராளிகளை நினைவுகூரும் மாவீரர் நாள் நவம்பரில் வந்தால் கார்த்திகைப் பூவும், அவர்களைப் புதைத்த துயிலும் இல்லப் படமும் போட்ட பதிவுகள் காணாமல் போகும். புலிகள் அந்தக் கொம்பனியின் தடைப் பட்டியலில் இருப்பதால், பிள்ளையின் படத்துக்கு விளக்கேற்றும் தாயையும் பிரசாரக்காரனையும் ஒரே கத்தி வெட்டுகிறது. ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

மாஸ்டொடனில் ஆள் உண்டு. வித்தியாசமே அதுதான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2016இல் ஜெர்மனியிலிருந்து ஒய்கன் ரொக்கோ வெளியிட்ட மென்பொருள் மாஸ்டொடன். எவரும் இறக்கித் தங்கள் சேர்வரில் நிறுவலாம். ஜிமெயில்காரர் யாகூகாரருக்கு மடல் போடுவதுபோல ஒரு சேர்வரில் இருப்பவர் இன்னொரு சேர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம். ஒவ்வொரு சேர்வருக்கும் தனி விதி, தனி மட்டுறுத்துநர். ஒரு சேர்வர் பிடிக்காவிட்டால் மற்றது அதைத் துண்டித்துவிடலாம். 2019இல் அமெரிக்க வலதுசாரிகளின் தளமான கேப், மாஸ்டொடன் மென்பொருளுக்கு மாறியபோது அதை யாராலும் தடுக்க முடியவில்லை, அது திறந்த மூல மென்பொருள். ஆனால் பெருவாரியான சேர்வர்கள் கதவைச் சாத்திக்கொண்டன. சில செயலிகள் அந்த முகவரியில் உள்நுழையவே விடவில்லை. கேப் தன் வீட்டுக்குள் தானே கத்திக்கொண்டிருந்தது.

வெளியிலிருந்து வருகிற எதிரிக்கு அந்த வைத்தியம் போதும். நமக்குள்ளே வருகிற சண்டைக்கு?

2025 நவம்பர் 16, ஞாயிறு. திருகோணமலைக் கடற்கரையோர விகாரை வளவில் வைத்த புத்தர் சிலையைப் பொலிசார் இரவில் அகற்றினார்கள். பாதுகாப்புக்காக எடுத்தோம் என்று பாராளுமன்றத்தில் அமைச்சர் சொன்னார். மறுநாளே சிலை திரும்ப வந்தது. 2005 மே மாதம் பஸ் நிலையத்தடியில் இரவோடிரவாக முளைத்த சிலையையும், அதன் பின்னால் வந்த ஹர்த்தாலையும் கண்ட ஊர் இது. கடைகளில் சனம் தணிந்த குரலில்தான் கதைத்தது. சேர்வரில் அப்படி இல்லை.

ரொறன்ரோவில் இருக்கிற ஒருவர் பொல்லுகளோடு நிற்கிற கூட்டத்தின் படத்தைப் போட்டு, ‘திருகோணமலை, இப்போது’ என்று எழுதியிருந்தார். அது பரவி ஒரு மணித்தியாலம் ஆகியிருக்காது, கிண்ணியாவிலிருந்து எங்களோடு மட்டுறுத்தல் செய்கிற தம்பி எனக்குச் செய்தி போட்டார்: “அண்ணன், பின்னால நிக்கிற கடையின்ட போர்டப் பாருங்க. இது நம்மட ஊரில்ல.” பெருப்பித்துப் பார்த்தேன். பலகையின் அடியில், தொலைபேசி இலக்கத்துக்கு மேலே, குருணாகல் என்று இருந்தது. போட்டவரிடம் கேட்டோம். “படம் எந்த ஊராயிருந்தா என்ன, நடக்கிறது உண்மைதானே?” என்றார்.

இந்த வாதத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. அவருக்கு அது ஆதங்கம். எனக்கு அது நாளைக்குக் கடை திறக்கலாமா என்கிற கேள்வி. அந்தப் படத்தை நம்பி உவர்மலையிலோ அபயபுரவிலோ நாலு பெடியன் வெளிக்கிட்டால் அடி விழுவது ரொறன்ரோவில் இல்லை. பதிவை நீக்கினோம். உடனே எனக்கு ‘அரசாங்கத்தின் ஆள்’ பட்டம் கிடைத்தது.

அதோடு முடியவில்லை. சிங்களவர்கள் கூடுதலாக இருக்கிற ஒரு சேர்வரிலிருந்து சிலர் கோணேஸ்வரம் கோயிலையே விகாரை என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். முழுச் சேர்வரையும் துண்டியுங்கள் என்று எங்கள் ஆட்களில் ஒரு பகுதி நின்றது. அதே சேர்வரில்தான், பொலிஸ் வந்த நேரம் முதல் சிலை திரும்பிய நேரம் வரை நடந்ததை வரிசையாக, மரியாதையாக எழுதிக்கொண்டிருந்த ஒரு சிங்களப் பெண்ணும் இருந்தார். நம்மவர்கள் பலர் அவரைத்தான் பின்தொடர்ந்தார்கள். மாஸ்டொடனில் முழுத் துண்டிப்பு என்பது ஒருவழிப் பாதை. இரு பக்கத்துப் பின்தொடர்தலும் அறுந்துபோகும், பிறகு மனம் மாறித் திறந்தாலும் அறுந்தது தானாக ஒட்டாது. 2024இல் வந்த 4.3 பதிப்பிலிருந்துதான் இன்ன இன்னாரை இழந்தீர்கள் என்றாவது பயனருக்கு அறிவிக்கிறது. அதற்குக் கீழே ‘மட்டுப்படுத்தல்’ என்று ஒரு படி இருக்கிறது. அந்தச் சேர்வரின் பதிவுகள் பொதுவெளியில் வராது, ஏற்கெனவே பின்தொடர்பவர்களுக்கு மட்டும் தெரியும். அதைச் செய்தோம், மோசமாக எழுதிய கணக்குகளை மட்டும் தனியே இடைநிறுத்தினோம். கோபித்துக்கொண்டு போனவர்கள் வேறொரு தமிழ்ச் சேர்வரில் சேர்ந்தார்கள். அந்தச் சேர்வரின் அட்மின் எங்களைத் துண்டித்துவிட்டார். சிங்களச் சேர்வரோடு எங்களுக்குத் தொடர்பு இருக்கிறது, தமிழ்ச் சேர்வரோடு இல்லை. சிரிக்கிறதா அழுகிறதா தெரியவில்லை.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன், யார் தீர்ப்பது. மொழி தெரிந்த, ஊர் தெரிந்த மட்டுறுத்துநர் வேண்டும் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். நியாயம். கடைப் பலகையைப் பார்த்து ஊர் சொல்ல கலிபோர்னியாவில் இருப்பவனால் முடியாது. ஆனால் ஊர் தெரிந்தவனுக்கு ஊரில் ஒரு பக்கமும் இருக்கும். 2018இல் இங்கே ஒரு பெண்கள் பாடசாலையில் ஆசிரியைகளின் அபாயா பிரச்சினையானபோது, ஒரே தமிழில் இந்துக்களும் முஸ்லிம்களும் பேஸ்புக்கில் எழுதிக்கொண்டதை வாசித்தவன் நான். அந்த வாரம் என் கையில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இருந்திருந்தால் அது நடுநிலையாக இருந்திருக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

ஆகவே எங்கள் சேர்வரில் சாட்சியையும் தீர்ப்பையும் பிரித்துவிட்டோம். கிழக்கு மாகாணப் பிரச்சினை என்றால் நானும் கிண்ணியாத் தம்பியும் விவரம் மட்டும் எழுதுவோம்: படம் எங்கே எடுத்தது, சொல்லப்படுகிற ஆள் உண்மையில் யார், இந்த வசனம் இங்கே எப்படி விளங்கும். முடிவெடுப்பது கனடாவிலும் சென்னையிலும் இருப்பவர்கள். தமிழ்நாட்டுச் சாதிச் சண்டை, கட்சிச் சண்டை வந்தால் முறை மாறும், சென்னைக்காரர் விவரம் சொல்ல நாங்கள் முடிவெடுப்போம். (அவர்களுடைய கட்சிப் பிளவுகளைப் படித்து முடிக்கவே எனக்கு ஒரு டிப்ளோமா வேண்டும்.) கனடா தூங்குகிற நேரத்தில் நாங்கள் பதிவை மறைத்துவைக்கலாம், அழிக்க முடியாது. குருணாகல் படத்தை நீக்கியதும் அப்படி, கனடாவில் விடிந்த பிறகுதான். குறை இல்லாத ஏற்பாடு என்று சொல்லவரவில்லை. தாமதம் இருக்கிறது, தூரத்தில் இருப்பவருக்கு சூடு தெரியாது. ஆனால் ஒன்று நடந்தது: என்னைத் தெருவில் மறித்து “ஏன் தூக்கினனி?” என்று கேட்பது குறைந்தது.

இது வெறும் நாகரிகப் பிரச்சினை இல்லை, பாதுகாப்புப் பிரச்சினையும்தான். பேஸ்புக்குக்கு வக்கீல் படை இருக்கிறது. எங்களுக்கு யார்? இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இலங்கையில் 2024 பெப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, பொய்க் கூற்றுக்குச் சிறைவரை போகலாம். மாவீரர் நினைவுப் பதிவுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் உண்டு. சுதந்திர நாடு என்கிற அமெரிக்காவிலேயே 2023 மே மாதம் கொலெக்டீவா என்ற சேர்வரின் அட்மின் வீட்டை வேறு வழக்குக்காக எஃப்பிஐ சோதனை போட்டபோது, பூட்டுப் போடாத தரவுத்தளப் பிரதியும் சேர்ந்து போய்விட்டது. அதில் பயனர்களின் மின்னஞ்சல், ஐபி முகவரி, தனிச்செய்தி எல்லாம் இருந்தன. ஆகவே எங்கள் தரவுத்தளத்தில் கைவைக்கிற உரிமை இந்த நாட்டில் இருக்கிற எவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

இன்னொரு சமூக ஊடகமான புளூஸ்கை பற்றியும் கேட்பீர்கள். அங்கே அடிப்படை மட்டுறுத்தலைக் கொம்பனியே செய்கிறது. அதற்கு மேல் யாரும் ‘லேபிளர்’ நடத்தலாம், இது போலிப் படம், இது வெறுப்புப் பேச்சு என்று அவர்கள் ஒட்டுகிற சீட்டை விரும்பியவர் ஏற்கலாம். தமிழுக்கு ஒழுங்கான லேபிளர் ஒன்று வந்தால் நன்றாயிருக்கும். அரசாங்கம் கழுத்தைப் பிடித்தால் கதை வேறு. 2025 ஏப்ரலில் துருக்கி கேட்டதும் அங்கே 72 கணக்குகளை மறைத்தார்கள். மறைப்பு புளூஸ்கையின் சொந்தச் செயலியில்தான், மற்றவர்கள் செய்த செயலிகளில் அவை தெரிந்தன. அந்த ஓட்டை பெரிய விசயம், ஆனால் ஊரில் எத்தனை பேர் வேறு செயலி தேடிப் போடுவார்கள்?

வருவதென்றால் வாருங்கள். சேரும் முன் அந்தச் சேர்வரின் ‘பற்றி’ பக்கத்தைத் திறந்து விதிகளையும், பட்டியல் போட்டிருந்தால் யாரைத் துண்டித்திருக்கிறார்கள் என்பதையும் வாசியுங்கள். சேர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, அட்மின் யார் என்று கேளுங்கள், கேட்டால் சொல்லாதவரிடம் போகவேண்டாம். முகவரியின் வாலையும் பாருங்கள்: ஆப்கானிஸ்தானின் .ஏஎஃப்பில் முடிந்த ஒரு மாஸ்டொடன் சேர்வரின் பெயரை 2024 பெப்ரவரியில் தலிபான் அரசு பறித்தது, சேர்வர் எங்கே இருந்தும் உதவவில்லை. சேர்வர் மாறினால் பின்தொடர்பவர்கள் கூட வருவார்கள், பழைய பதிவுகள் வராது. தனிச்செய்தியில் ஊர்ப் பெயர், ஆள் பெயர் எழுதாதீர்கள், அது மறையாக்கம் செய்யப்பட்டதல்ல, அட்மின் நினைத்தால் வாசிக்கலாம். அதற்கு, மறையாக்கம் செய்து அனுப்புகிற சிக்னல் செயலி இருக்கிறது.