வெளிநாட்டில் சர்வதேசச் சட்டம், மனித உரிமை முதுகலை: கேளுங்கள், சொல்கிறேன்

மனித உரிமைச் சட்டத்தில் எல்.எல்.எம். (சட்ட முதுகலை) முடித்துவிட்டுப் பத்து வருடமாக, மனித உரிமை ஒப்பந்தங்களை நாடுகள் கடைப்பிடிக்கின்றனவா என்று பார்க்கும் ஐ.நா. குழுக்களுக்கு நிழல் அறிக்கை, அதாவது அரசின் அறிக்கைக்கு இணையாகத் தன்னார்வ அமைப்புகள் தரும் அறிக்கை, தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். படிப்பு, உதவித்தொகை, வேலை பற்றிக் கேளுங்கள். விசாவும் தங்குமிடமும் என் துறை இல்லை.

கேள்வி: அக்கா, நான் படித்தது சமூகவியல். எல்.எல்.எம். சேர முடியுமா?

பெரும்பாலான எல்.எல்.எம். படிப்புகள் சட்டப் பட்டம் கேட்கும். நீங்கள் எம்.ஏ. பக்கம் பாருங்கள். இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலையில் சட்டக்காரர்களுக்கு எல்.எல்.எம்., மற்றவர்களுக்கு மனித உரிமை எம்.ஏ. என்று இரண்டும் உண்டு. 1997-இல் தொடங்கிய ஐரோப்பிய மனித உரிமை முதுகலையில் முதல் பாதி வெனிஸில் லிடோ தீவில் ஒரு பழைய மடத்தில் நடக்கும். அடுத்த பாதிக்கு வேறொரு நாட்டுப் பல்கலைக்குப் போக வேண்டும். சட்டம், அரசியல், வரலாறு படித்தவர்கள் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். உங்களுக்கு அது பொருந்தும்.

கேள்வி: இந்தப் படிப்புக்கு எந்தப் பல்கலை முதலிடம்?

தரவரிசையை விடுங்கள். மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, பாடப்பட்டியல். ஜெனீவா அகாடமியில் போர்க்காலச் சட்டமும் மனித உரிமையும் சேர்ந்து வரும். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலையில் பொதுச் சர்வதேசச் சட்டம் ஆழமாக இருக்கும். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் ஒரு வருடம் முழுக்க நீங்கள் படிக்கப்போவது வேறு. இரண்டு, கிளினிக் உண்டா? மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் உண்மையான அமைப்புகளுக்காக உண்மையான ஆவணம் தயாரிப்பதைத்தான் கிளினிக் என்கிறோம். மூன்று, உங்கள் ஆய்வுக்கட்டுரையைப் படித்துத் திருத்தித் தரப்போகும் ஆசிரியர் யார்?

கிளினிக்கை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், நான் அது இல்லாமல் படித்து வந்தவள். பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரம், காவலில் அடிபட்ட ஒருவரைப் பற்றி நாலு பக்கம் எழுதினேன். மேலதிகாரி பென்சிலை எடுத்து "கொடூரமான", "மனிதாபிமானமற்ற" என்ற சொற்களையெல்லாம் அடித்தார். ஓரத்தில் மூன்று வரி எழுதினார்: சம்பவம் எந்தத் தேதி? அந்தத் தேதியில் இந்த ஒப்பந்தம் அந்த நாட்டுக்கு அமலில் இருந்ததா? உள்நாட்டு நீதிமன்றத்துக்குப் போனார்களா? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. உள்நாட்டில் இருக்கும் வழிகளையெல்லாம் முயன்று பார்த்த பிறகுதான் ஐ.நா. குழு தனிநபர் புகாரை ஏற்கும். அது எனக்குப் பரீட்சைக்குத் தெரிந்திருந்தது, எழுதும்போது கைக்கு வரவில்லை.

அப்புறம், கடன் வாங்கிச் சேராதீர்கள். காரணம் கீழே வரும்.

கேள்வி: எல்.எல்.எம். முடித்தால் அந்த நாட்டிலேயே வக்கீலாகலாமா?

பட்டம் வேறு, வக்கீல் உரிமம் வேறு. நியூயார்க் போன்ற சில இடங்களில் மட்டும், வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தோடு குறிப்பிட்ட பாடங்கள் அடங்கிய எல்.எல்.எம். இருந்தால் வக்கீல் உரிமத்துக்கான பார் தேர்வு எழுத வழி உண்டு. மனித உரிமைப் பாடங்களாகவே எடுத்தால் அந்த நிபந்தனை நிறைவேறாது.

கேள்வி: மேடம், படித்து முடித்ததும் ஐ.நா.வில் வேலை கிடைக்குமா?

உடனே கிடைப்பது அபூர்வம். தொடக்க நிலையான பி-2 பதவிக்கே முதுகலையோடு பொதுவாக இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள். இளநிலை அலுவலர் திட்டத்தில் பெரும்பாலும் பணம் கொடுக்கும் நாடு தன் குடிமக்களைத்தான் அனுப்பும். ஐ.நா. தலைமைச் செயலகத்தில் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உதவித்தொகை தருகிறது, எல்லாரும் அப்படியல்ல. அதாவது படிப்பு முடிந்த பிறகும் ஆறு மாதமோ ஒரு வருடமோ கையிலிருந்து செலவழித்து வேலை செய்ய வேண்டிவரும். மாதத் தவணை கட்ட வேண்டியவரால் அது முடியாது. கடன் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். நல்ல திறமைசாலிகள் பலர் இந்த இடத்தில்தான் துறையை விட்டுப் போனார்கள்.

கேள்வி: உதவித்தொகைக்கு எங்கே பார்க்கலாம்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ், பிரிட்டிஷ் அரசின் செவனிங். செவனிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். வேலையை விட முடியாதவர்கள் ஆக்ஸ்ஃபோர்டின் பகுதிநேரப் படிப்பைப் பாருங்கள்.

கேள்வி: அக்கா, எந்த யூனிவர்சிட்டி பெஸ்ட்?

இரண்டாவது பதில்.

கேள்வி: போலீஸ் இல்லாத சட்டம் எப்படிச் சட்டமாகும்? உலக நீதிமன்றத் தீர்ப்பை யார் மதிக்கிறார்கள்? இதற்கு ஒரு வருடம் வீணாக்கச் சொல்கிறீர்களே!

இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஆப்பிரிக்காவில் சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்டவர் ஹிசேன் ஆப்ரே. ஆட்சி கவிழ்ந்ததும் செனகலுக்கு ஓடி அங்கே நிம்மதியாக வாழ்ந்தார். அவருடைய சிறையிலிருந்து உயிரோடு வந்த சுலேமான் கெங்கெங், மற்றக் கைதிகளின் சாட்சியங்களைச் சேகரித்து ஆண்டுக்கணக்கில் ஒளித்து வைத்திருந்தார். 2000-இல் பாதிக்கப்பட்டவர்கள் அந்தச் சித்திரவதைகளுக்காக ஆப்ரே மீது செனகலில் வழக்குப் போட்டார்கள். எங்களுக்கு அதிகாரமில்லை என்றன அங்குள்ள நீதிமன்றங்கள். பெல்ஜியம் அவரை விசாரணைக்குக் கேட்டது, செனகல் அனுப்பவில்லை. 2009-இல் பெல்ஜியம், நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைத் தீர்க்கும் உலக நீதிமன்றத்துக்கு (சர்வதேச நீதிமன்றம்) போனது. 2012 ஜூலை 20 அன்று தீர்ப்பு: ஒன்று நீங்களே விசாரியுங்கள், இல்லையென்றால் ஒப்படையுங்கள். அடுத்த மாதமே ஆப்பிரிக்க ஒன்றியமும் செனகலும் தனி நீதிமன்றம் அமைக்க ஒப்பந்தம் போட்டன. 2016 மே 30-இல் ஆப்ரேவுக்கு ஆயுள் தண்டனை. எந்தப் போலீஸ் செனகலைப் பிடித்து இழுத்தது?

அதே நபர்: 26 வருடம்! அதற்குள் பாதிப் பேர் செத்திருப்பார்கள். இழப்பீடாவது கிடைத்ததா?

செத்தார்கள், அதை நான் மறைக்கவில்லை. 2017-இல் மேல்முறையீட்டில் இழப்பீடு உறுதியானது, ஆனால் ஆண்டுக்கணக்கில் அவர்கள் கைக்கு ஒன்றும் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தத் தீர்ப்பு அங்கேயே நின்றுவிடவில்லை. அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்தில் உறுப்பான ஒவ்வொரு நாட்டுக்கும் அதை மற்ற நாடு மீறினால் கேட்க உரிமை உண்டு என்றது நீதிமன்றம். ரோஹிங்கியா மக்களுக்காக 2019-இல் காம்பியா மியான்மர் மீது வழக்குப் போட்டபோது, நேரடியாகப் பாதிக்கப்படாத அந்தச் சின்ன நாட்டுக்கு என்ன உரிமை என்ற கேள்வி வந்தது. 2020 ஜனவரி உத்தரவில் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது இந்தச் செனகல் தீர்ப்பைத்தான். இனப்படுகொலை ஒப்பந்தத்துக்கும் அதே நியாயம் பொருந்தும் என்றது.

கேள்வி: நடுவில் என் கேள்வி போய்விட்டது. நோக்கக் கடிதத்தில் என்ன எழுதுவது?

மன்னியுங்கள். "சிறுவயது முதலே அநீதி கண்டு பொங்குவேன்" என்று தொடங்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். நீங்கள் கிட்டத்திலிருந்து பார்த்த ஒரே ஒரு பிரச்சினை, அதில் உங்களுக்கு விடை தெரியாத ஒரு சட்டக் கேள்வி, அதற்கு இந்தப் படிப்பின் எந்தப் பாடம் உதவும். இவ்வளவு போதும்.

கேள்வி: கல்விக் கடன் எடுத்துச் சேரலாமா?

வேண்டாம். நாலாவது பதிலை முழுதாகப் படியுங்கள்.

போலீஸ் பற்றிக் கேட்டவர்: சரி, அந்தத் தீர்ப்பை எங்கே படிப்பது?

உலக நீதிமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாக இருக்கிறது. வழக்கின் பெயர் பெல்ஜியம் எதிர் செனகல். நேராக 68-ஆம் பத்திக்குப் போங்கள், மற்ற நாடு கேட்கலாம் என்பது அங்கேதான் வருகிறது. பிறகு 100-ஆம் பத்தி. செனகலுக்கு அந்தச் சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 1987 ஜூன் 26. அதற்கு முன் நடந்த சித்திரவதைகளுக்கு, ஒப்பந்தப்படி வழக்கு நடத்தும் கடமை இல்லை என்று அங்கே சொல்கிறார்கள். என் மேலதிகாரி பென்சிலால் எழுதிய இரண்டாவது வரி அதுதான்.

படித்துவிட்டு வாருங்கள், விட்ட இடத்திலிருந்து பேசலாம்.