ஸ்கூபா டைவிங்கில் கூடுதல் காற்றுக்குக் கைக்குப்பி போதுமா, போனி பாட்டில் வேண்டுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஓப்பன் வாட்டர் என்ற ஸ்கூபா தொடக்கப் பயிற்சி முடித்துவிட்டீர்கள். நண்பர் ஒருவரோடு குமரிக் கடற்கரையில் முட்டம், குளச்சல் பக்கம் 18 மீட்டருக்குள் இறங்கப் போகிறீர்கள். அவசரத்துக்கு ஸ்பேர் ஏர் என்ற கையடக்கமான காற்றுக் குப்பி வாங்கலாமா, பெரிய டேங்கோடு கூடுதலாகக் கொண்டுபோகும் சிறிய டேங்கான போனி பாட்டில் வாங்கலாமா? ஒன்று வாங்கினால் இரண்டு பேருக்கும் ஆகுமா?

போனி பாட்டில்தான் வாங்குங்கள். அதிலும் 19 கன அடி காற்று பிடிக்கும் குப்பி. 13 கன அடி போதும் என்று நிறையப் பேர் சொல்வார்கள், தாளில் கணக்குப் போட்டால் சரியாகவும் வரும். ஆனால் நம் கடலுக்கு அது பத்தாது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

நான் கடியப்பட்டணத்துக்காரன். வீட்டில் தலைமுறையாகச் சிப்பி எடுக்கிறார்கள். கண்ணாடி ஒன்று, பாறையிலிருந்து சிப்பியைப் பெயர்க்க இரும்பு ஒன்று, இடுப்பில் வலைப்பை. அவ்வளவுதான் சாமான். நான் ஸ்கூபா கற்றது திருவனந்தபுரத்துக் கோவளத்தில். போனி பாட்டிலை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்தபோது சித்தப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு குழல் போராதா மக்கா, ரெண்டாவது ஒண்ணு எதுக்கு?" என்றார். டேங்கே இல்லாமல் நாற்பது வருடம் முங்கியவர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

அந்தக் கேள்வியிலேயே ஒரு ஆபத்து இருக்கிறது. சிப்பிக்காரர் மேலே இழுத்த மூச்சோடு இறங்கி அதே மூச்சோடு வருகிறார். நுரையீரல் கீழே சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அதற்கு மேல் விரியாது. டேங்க் காற்று அப்படியில்லை. 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, அங்கே நெஞ்சு நிறைய இழுத்ததை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழியும். பயிற்சியின் முதல் நாளே எனக்குத் திட்டு விழுந்தது இதற்காகத்தான். மேலே வரும்போது என்னையறியாமல் மூச்சை அடக்கினேன், பிறவிப் பழக்கம். காற்று நின்றுபோன நொடியில் உடம்பு அந்தப் பழக்கத்துக்குத்தான் ஓடும். முங்கத் தெரிந்த நம்மூர்ப் பையன்களுக்கு "என்ன பெரிய 15 மீட்டர், ஒரே எகிறில் மேலே வந்துவிடலாம்" என்ற தைரியம் வேறு. கூடுதல் காற்று கையில் இருந்தால் சுவாசித்துக்கொண்டே மெதுவாக வரலாம், முதல் லாபம் அதுதான். (இதே காரணத்துக்காக, கீழே சிப்பி எடுத்துக்கொண்டிருக்கும் கூட்டாளி சைகை காட்டிக் கேட்டாலும் டேங்க் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் உங்கள் ரெகுலேட்டரிலிருந்து ஒரு மூச்சு கொடுக்காதீர்கள். அவர் அதை அடக்கிக்கொண்டுதான் மேலே போவார்.)

சரி, கணக்குக்கு வருவோம். பதற்றத்தில் இருப்பவர் நிமிடத்துக்கு 30 லிட்டர் இழுப்பார் என்று வையுங்கள். 18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு, ஆக நிமிடத்துக்கு 84 லிட்டர். நிலைமையைப் புரிந்துகொண்டு கிளம்ப ஒரு நிமிடம்: 84. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் ஆழம் வரை வர ஏறக்குறைய 93. உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அங்கே மூன்று நிமிடம் நிற்க 135. கடைசி 5 மீட்டருக்கு ஒரு 21. கூட்டினால் 333 லிட்டர்.

இப்போது குப்பிகள். ஸ்பேர் ஏரில் பெரியது 3 கன அடி, அதாவது 85 லிட்டர். மூச்சுக்கு ஒன்றரை லிட்டர் என்று அமைதியாக இழுத்தால் கரையில் 57 மூச்சு வரும். அதையே 18 மீட்டரில் இழுத்தால் 20. பதறி நெஞ்சு நிறைய இழுப்பவருக்கு ஒரு டஜன். கிளம்ப முடிவெடுக்கும் அந்த முதல் நிமிடத்திலேயே தீர்ந்துவிடும். 6, 7 மீட்டரில் சுற்றுகிறவருக்கு அது உதவும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆழத்தில் மூச்சை வெளியே விட்டபடியே நீந்தி மேலே வரவும் முடியும். ஆக, உதவும் இடத்தில் அவ்வளவாகத் தேவையில்லை, தேவைப்படும் இடத்தில் போதாது. நான் முதலில் வாங்கியதும் அதுதான் என்பதால் கொஞ்சம் கடுப்போடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

13 கன அடி என்பது சுமார் 370 லிட்டர். 333-க்கு 370, சரிதானே? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒரு மாசி மாதம் முட்டத்துக்குத் தெற்கே பார் (கடலடிப் பாறைத்திட்டு) ஒன்றில் 14 மீட்டரில் இருந்தோம். தண்ணீர் தெளிவு என்று நம்பி இறங்கினோம், கீழே நீவாடு (நீரோட்டம்) கலக்கிவிட்டிருந்தது, மூன்று மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பாறை இடுக்கில் அறுந்து கிடந்த தங்கூசி (நைலான் நரம்பு) வலை என் டேங்க் வால்வில் மாட்டியது. கண்ணுக்குத் தெரியாத வலை, முதுகுக்குப் பின்னால். அலையின் இழுப்பு முன்னும் பின்னும் ஆட்ட ஆட்ட இன்னும் சுற்றியது. என்னோடு இறங்கியவர் நான் பின்னால் வருகிறேன் என்று நினைத்துப் போய்க்கொண்டிருந்தார். மாட்டியபோது டேங்கின் அழுத்தம் காட்டும் கேஜில் 90 பார் (இந்தப் பார் அழுத்த அளவு). டேங்கைத் தாங்கும் மிதவை அங்கியான பிசிடியைக் கழற்றி முன்னால் கொண்டுவந்து, அறுத்து விடுவித்து, மறுபடி மாட்டியபோது 55. ஏறக்குறைய நான்கு நிமிடம்.

35 பார் என்றால் எங்கள் 11.1 லிட்டர் டேங்கில் 388 லிட்டர். இதே சமயம் பெரிய டேங்க் தீர்ந்திருந்து, 13 கன அடி போனியில் நான் சுவாசித்திருந்தால், வலையை அறுத்து முடிப்பதற்குள் போனியும் தீர்ந்திருக்கும். 19 கன அடியில் சுமார் 540 லிட்டர் உண்டு, 150 மிஞ்சியிருக்கும். மேலே வரப் போதும், 5 மீட்டரில் நிற்க முழுதாகப் போதாது. போகட்டும். சாதாரண ஆழத்தில், நிற்காமல் மேலே வர அனுமதிக்கும் நேர வரம்புக்குள் இருந்தவருக்கு அந்த நிறுத்தம் ஒரு முன்னெச்சரிக்கைதான், காற்று இல்லாதபோது விட்டுவிடலாம்.

தாளில் போடும் கணக்கு எல்லாம் "காற்று தீர்ந்தது, உடனே கிளம்பினார்" என்றுதான் ஆரம்பிக்கும். நம் பாறைகளில் வலையும் தூண்டில் கயிறும் இல்லாத பார் அபூர்வம். மழைக்குப் பிறகு வள்ளியாறு கொண்டுவந்து தள்ளும் கலங்கல் வேறு. மாட்டிக்கொள்ளும் நிமிடங்களையும் சேர்த்துத்தான் குப்பி வாங்க வேண்டும். பிறகு 30 மீட்டர் வரை போகும் எண்ணம் இருந்தால் 30 கன அடி. அங்கே மேலே வருவதற்கு மட்டுமே 500 லிட்டர் ஆகும்.

அப்புறம், கத்தியைவிடக் கத்தரி. தங்கூசியைக் கத்தியால் அறுப்பது இடியாப்பத்தை நூல் நூலாக நறுக்குவது மாதிரி.

"ஏற்கெனவே ஆக்டோபஸ் இருக்கிறதே" என்பீர்கள். அந்த மஞ்சள் நிற இரண்டாவது ரெகுலேட்டர் உங்கள் டேங்கிலிருந்தேதான் காற்று எடுக்கிறது. டேங்க் தீர்ந்தால் அதுவும் தீர்ந்தது. அது உங்களுக்கானதே அல்ல, உடன் வருபவருக்கானது. உங்கள் ஆக்டோபஸ் அவர் முதுகில் இருக்கிறது, அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை. (ஆங்கிலத்தில் உடன் இறங்குபவரைச் சொல்லும் சொல்லைத் தமிழில் எழுதினால் "பட்டி" என்று வரும், எங்கள் பக்கம் பட்டி என்றால் நாய். அதனால் நான் ஜோடி என்றே எழுதுகிறேன்.) ஜோடி பக்கத்தில் இருந்தால் அதைவிட நல்ல கூடுதல் காற்று கிடையாது, அவரிடம் காற்றோடு இரண்டு கையும் ஒரு மூளையும் உண்டு. இன்னொன்று: ஆக்டோபஸைத் தரையில் இழுபட விடாதீர்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல் நொய்மணல், உள்ளே போனால் வால்வு மூடாமல் காற்று கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரே டேங்கில் இரண்டு ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (ரெகுலேட்டரில் டேங்கோடு மாட்டும் பகுதி) போடும் வால்வும் உண்டு. ரெகுலேட்டர் கோளாறுக்கு அது நல்லது, காலி டேங்குக்கு அது மருந்தல்ல. இரட்டை டேங்க் என்பது தனிப் பயிற்சி, தனி முதுகுவலி, இப்போது உங்களுக்கு வேண்டாம்.

போனிக்குத் தனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், தனி செகண்ட் ஸ்டேஜ் (வாயில் வைக்கும் பகுதி), தனி கேஜ் மூன்றும் வேண்டும். கேஜை மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காலியான போனியைத் தூக்கிக்கொண்டு போவதற்குப் போனியே வேண்டாம். மாட்டுவது முன்பக்கம், இடது விலாவோரம். பெரிய டேங்கோடு முதுகில் கட்டினால் வால்வும் தெரியாது, கேஜும் தெரியாது, வலை மாட்ட இன்னொரு கொக்கியும் ஆகும். முன்னால் இருந்தால் கழற்றி அடுத்தவரிடம் கொடுக்கவும் முடியும். 19 கன அடி ரெகுலேட்டரோடு நாலைந்து கிலோ வரும், தண்ணீருக்குள் அந்தக் கனம் பெரிதாகத் தெரியாது.

வால்வு திறந்தா, மூடியா என்று டைவர்களுக்குள் சண்டையே நடக்கும். நான் படகிலேயே திறந்து, ஒரு மூச்சு இழுத்துப் பார்த்துவிட்டு, திறந்தே வைக்கிறேன். கசிகிறதா என்று கேஜை அடிக்கடி பார்ப்பேன். பதறும் நேரத்தில் வால்வு தேடும் வேலை எனக்கு வேண்டாம். ஆனால் ஒன்றில் சண்டையே கிடையாது: போனியின் வாய்க்கடி கையால் தடவினாலே வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியாமல் போனியை வாயில் வைத்துக்கொண்டு இறங்கி, அதைத் தீர்த்துவிட்டு "பெரிய டேங்க் தீர்ந்தது" என்று பதறுவது நடக்கக்கூடியது. என்னுடையதில் சைக்கிள் டியூபை வெட்டி ஒரு வளையம் போட்டிருக்கிறேன்.

இணையக் கடைகளில் அரை லிட்டர், ஒரு லிட்டர் "மினி ஸ்கூபா" கைப்பம்போடு விற்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரை லிட்டர் குப்பியில் 200 பார் அடித்தால் 100 லிட்டர், அவ்வளவே. கைப்பம்பில் ஈரமும் உள்ளே போகும். டயர் கடை கம்பிரசரில் நிரப்பலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கூடாது, அந்த அழுத்தமும் வராது, எண்ணெய்ப் புகையும் சேரும். சுவாசக் காற்றுக்கென்று வடிகட்டி உள்ள கம்பிரசரில்தான் நிரப்ப வேண்டும், அதன் காற்று வாங்கும் வாயும் என்ஜின் புகைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். போனி வாங்கும்போதும் இந்தியாவில் அங்கீகாரமுள்ள சிலிண்டரா என்று கேளுங்கள். 2016-இன் எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி தலைமை வெடிபொருள் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி இல்லாத சிலிண்டரை நிரப்பக் கூடாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த அழகான மஞ்சள் குப்பி இங்கே நிரப்ப ஆளில்லாமல் அலமாரியில் கிடக்கும். முதலில் நிரப்பும் இடத்தைக் கேட்டுவிட்டு அப்புறம் வாங்குங்கள். அழுத்தச் சோதனைத் தேதி கழுத்தில் குத்தியிருக்கும், அதையும் பாருங்கள்.

கடைசியாக, ஒன்று இரண்டு பேருக்கும் ஆகுமா என்றீர்கள். பணம் ஒன்றுக்குத்தான் என்றால், பின்னால் வருபவரிடம் இருக்கட்டும். முன்னால் போகிறவருக்குச் சிக்கல் வந்தால் பின்னால் இருப்பவர் பார்த்துவிடுவார், பின்னால் இருப்பவருக்கு வந்தால் பார்க்க ஆளில்லை. இறங்குவதற்கு முன் 5 மீட்டர் தெளிந்த தண்ணீரில், கண்ணை மூடிக்கொண்டு, போனியை எடுத்து வாயில் வைத்து மூன்று மூச்சு இழுத்துப் பழகுங்கள், பத்துத் தடவையாவது. அடுத்த சீசனுக்குள் இரண்டாவதும் வாங்கிவிடுங்கள். ஆனி, ஆடியில் எப்படியும் இறங்க முடியாது, அந்த மாதங்களில் காசு சேர்க்கலாம்.