மொட்டை மாடியில் இரட்டை விண்மீன்கள்: வாசகர் கேள்விகள்

மதுரை அண்ணாநகரில் மொட்டை மாடி. இவ்வளவு தெருவிளக்குக்கு நடுவே இரட்டை விண்மீன் பார்க்க முடியுமா?

தாராளமாக. தெருவிளக்கு விழுங்குவது நெபுலாக்களைத்தான் (மங்கலான வாயு, தூசு மேகங்கள்). பிரகாசமான இரட்டைகளை (வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து, தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிபவை) முழுநிலவன்றுகூடப் பார்க்கலாம். உங்கள் எதிரி தளத்தின் சூடு. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் நள்ளிரவு வரை அனல் விடும். அந்தக் காற்று தொலைநோக்கிக் குழாய் முன் ஏறினால் விண்மீன் கொதிப்பதுபோல் நடுங்கித் தெரியும். மாலையிலேயே தளத்தில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மண்தரை கிடைத்தால் இன்னும் நல்லது. 150 மி.மீ. நியூட்டோனியனை (ஆடி வைத்த தொலைநோக்கி) முக்கால் மணி நேரம் முன்பே வெளியே வைக்க வேண்டும். ஏசி அறையில் வைத்திருந்தீர்கள் என்றால் மூடியைக் கழற்றாமல் வையுங்கள். குளிர்ந்த ஆடி வெளிக்காற்று பட்டதும் வேர்த்துவிடும்.

114 மி.மீ. தொலைநோக்கியில் எப்சிலான் லைரே (இரண்டு ஜோடிகள் சேர்ந்த 'இரட்டை இரட்டை') நான்காகப் பிரியவில்லை. பார்லோ (உருப்பெருக்கத்தைக் கூட்டும் லென்ஸ்) போட்டும் நீளமாகவே தெரிகிறது.

116-ஐ ஆடியின் விட்டத்தால் (மி.மீ.) வகுத்தால் பிரிக்கக்கூடிய எல்லை விகலையில் (பாகையில் 3600-இல் ஒரு பங்கு) வரும். உங்களுக்கு அது சுமார் 1 விகலை. அந்த இரண்டு ஜோடிகளிலும் இடைவெளி 2 விகலைக்குச் சற்று மேல். ஆகவே கருவியின் அளவு போதும். 150 முதல் 180 மடங்கு உருப்பெருக்கம் வேண்டும்.

முதலில் ஒரு தனி விண்மீனை நடுவில் நிறுத்தி ஃபோகஸைக் கொஞ்சம் கலையுங்கள். வளையங்கள் ஒரே மையத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கினால் கோலிமேஷன் (ஆடிகளின் நேரமைப்பு) தவறு: முதன்மை ஆடியின் திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாமல், ஒவ்வொரு முறையும் விண்மீனை நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். விண்மீன் முக்கோணமாகத் தெரிந்தால் ஆடியைப் பிடிக்கும் கிளிப்புகள் இறுகியிருக்கின்றன, தளர்த்துங்கள். ஐபீஸை (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) சுழற்றும்போது விண்மீனின் நீட்சியும் சுழன்றால் கோளாறு ஐபீஸில். தலையைச் சாய்க்கும்போது சாய்ந்தால் உங்கள் கண்ணில். கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: குழாயில் "114/1000" என்று எழுதியிருந்து, நீளம் அரை மீட்டர்தான் என்றால், ஃபோகஸர் பக்கம் ஒரு திருத்த லென்ஸ் ஒளிந்திருக்கும். அவ்வகை மலிவுக் கருவியை நேர் செய்வது பெரும்பாடு. அதில் எப்சிலானுக்கு மல்லுக்கட்ட வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் எதைக் காட்டலாம்?

அருந்ததி. வெறுங்கண்ணுக்கு வசிட்டரும் அருந்ததியும். 50 மடங்கில் வசிட்டரே 14 விகலை இடைவெளியில் இரண்டாவார், அருந்ததியும் அதே காட்சிப் புலத்தில் இருக்கும். ஏப்ரல், மே இரவுகள் தோதானவை.

ஆல்ஃபா சென்டாரி மதுரையில் தெரியுமா?

தெரியும். தெற்கே அதிகபட்சம் 19 பாகை உயரம். ஜூன் முதல் வாரத்தில் இரவு 10 மணி வாக்கில் உச்சம். அழகர்கோவில் பக்கம் போனால் வடக்கை மலை மறைக்கும், தெற்கு திறந்திருக்கும். எதிரே மதுரையின் வெளிச்சம் தெரிந்தாலும் இந்த விண்மீனுக்கு அது ஒரு பொருட்டல்ல. இது இரட்டை என்று 1689-இல் பாண்டிச்சேரியிலிருந்து கண்டவர் ஜான் ரிஷோ என்ற பாதிரியார். ஒன்றையொன்று சுற்ற ஏறத்தாழ 80 ஆண்டு. 2016-ஐ ஒட்டி 4 விகலைக்கு நெருங்கியிருந்தவை இப்போது விலகிவிட்டன. 80 மிமீ கருவியே போதும். தாழ்வாக இருப்பதால் மேலும் கீழும் நிறம் பிரியும். அது வளிமண்டலத்தின் வேலை. லென்ஸைத் திட்ட வேண்டாம்.

கேட்டையின் (அன்டாரெஸ்) துணை விண்மீன் பிடிபடவே இல்லையே?

இடைவெளி 2.6 விகலைதான் என்பதோடு, கேட்டையின் ஒளிக்கூச்சம் துணையை மூழ்கடிக்கும். ஐரோப்பாவில் அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும் கேட்டை நமக்கு 53 பாகை ஏறுவது பெரிய அனுகூலம். 150 மி.மீ., 200 மடங்கு, காற்று அசையாத இரவு. முழு இருளுக்குக் காத்திராமல் அந்தி வெளிச்சம் மிச்சமிருக்கும்போதே பார்த்தால் கூச்சம் அடங்கும். விண்மீனைத் தொடரும் மோட்டாரை நிறுத்துங்கள்: விண்மீன் நகரும் திசை மேற்கு. துணையும் அந்தப் பக்கம்தான், கேட்டைக்கு முன்னே ஓடும், வேறெங்கும் தேடாதீர்கள்.